மகன் ஆய்வுக்கூடத்தில் செய்த சேர்மத்தைப் பாட்டிக்குக் கொடுக்கலாமா?

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை ஆய்வு செய்கிறார். மூளையின் நரம்பணுக்களைக் காக்கக்கூடிய புதிய சேர்மங்களை வடிவமைத்துத் தயாரிப்பது அவர் வேலை. உங்கள் மாமியாருக்கு அல்சைமர் நோய். டோனெபெசில் மாத்திரை சாப்பிட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறார். மகன் செய்த சேர்மங்களில் ஒன்று டோனெபெசில் தடுக்கும் அதே நொதியைத் தடுக்கிறது, அதோடு நரம்பணுக்கள் சாகாமலும் காக்கிறது என்று சோதனை முடிவு வந்திருக்கிறது. இது எத்தனை வருடத்தில் மருந்தாக வரும் என்பது நீங்கள் வைத்த கேள்வி. ஆனால் கடைசி வரியில், அதுவரைக்கும் அவர் இருக்கவேண்டுமே, மகனிடம் கொஞ்சம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே அதற்கே முதல் பதில்: கொடுக்காதீர்கள். ஒரு மில்லிகிராம் கூட வேண்டாம்.

நான் மருந்து வேதியியல் படித்தவன். இதே வகைச் சேர்மங்களைப் பினாங்கிலும் பிறகு கோலாலம்பூரிலும் பல ஆண்டுகளாகத் தயாரித்தும், மாணவர்களுக்குத் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். மருத்துவர் இல்லை. உங்கள் மாமியாரின் மாத்திரை அளவைப் பற்றி எனக்குப் பேசத் தகுதியில்லை. சேர்மத்தைப் பற்றிப் பேச முடியும்.

கொடுக்கக்கூடாது என்பதற்கு முதல் காரணம், அவர் ஏற்கெனவே டோனெபெசில் சாப்பிடுவதுதான். அசெட்டைல்கோலின் என்ற செய்திப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது; மூளையில் அசெட்டைல்கோலின் கொஞ்சம் அதிக நேரம் தங்குகிறது, அதனால் நினைவு ஓரளவு தெளிகிறது. ஆனால் அசெட்டைல்கோலின் மூளையில் மட்டும் இல்லை. இதயத்துடிப்பை மெதுவாக்குவதும் குடலை இயக்குவதும் மூச்சுக்குழாயைச் சுருக்குவதும் அதுதான். மகனின் சேர்மமும் அதே நொதியைத் தடுக்கிறது என்றால், இரண்டும் சேரும்போது நாடித்துடிப்பு விழுந்து, வயதானவர் மயங்கிக் கீழே விழக்கூடும். டோனெபெசில் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 70 மணி நேரம் ஆகும். எனவே இன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாம் என்ற கணக்கும் உதவாது.

இரண்டாவது காரணம் தூய்மை. எங்கள் ஆய்வுக்கூடங்களில் ஒரு சேர்மம் 95 விழுக்காடு தூய்மையாக வந்துவிட்டால் உயிரியல் சோதனைக்கு அனுப்பிவிடுவோம். சோதனைத் தட்டுக்கு அது போதும். மிச்சம் 5 விழுக்காட்டில் கரைப்பான் இருக்கலாம், வினையூக்கியிலிருந்து ஒட்டிக்கொண்ட பல்லேடியம் இருக்கலாம், பாதி வழியில் நின்றுபோன இடைப்பொருள் இருக்கலாம். அது என்னவென்று பெரும்பாலும் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அந்தத் துளி என்ன செய்யும் என்பதற்கு எங்கள் துறையில் மறக்கவே முடியாத ஒரு சான்று உண்டு. 1982-இல் கலிபோர்னியாவில், சட்டவிரோதமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் பேசவும் அசையவும் முடியாமல் சிலைபோல் இறுகிப்போனார்கள். முற்றிய பார்கின்சன் நோயின் அத்தனை அடையாளங்களும் இருந்தன, இளம் வயதிலேயே. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழு தேடிக் கண்டுபிடித்த காரணம் எம்பிடிபி என்ற துணைப்பொருள். தயாரிக்கும்போது வெப்பமோ அமிலமோ கொஞ்சம் மீறினால் ஒரு நீர் மூலக்கூறு கழன்று அது உருவாகிவிடும். தயாரித்தவர் அதைச் செய்ய நினைக்கவே இல்லை.

எம்பிடிபியை நான் வகுப்பில் தவறாமல் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சிறிய மூலக்கூறு, கொழுப்பில் எளிதில் கரையும், இரத்தத்திலிருந்து மூளைக்குள் தடையில்லாமல் போகும். உள்ளே போனதும் மாவோ-பி என்ற நொதி அதை வேறொன்றாக மாற்றுகிறது. அந்த மாறிய வடிவத்தை, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் செல்கள் தங்களுடையது என்று உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பிறகு அது செல்லின் ஆற்றல் உற்பத்தியையே நிறுத்திக் கொன்றுவிடுகிறது. சிறியதாக இரு, கொழுப்பில் கரை, தடையைக் கடந்து போ: மூளைக்கு மருந்து வடிவமைக்கும்போது நாங்கள் மூலக்கூறிடம் எதிர்பார்ப்பதும் இவற்றையேதான். மருந்தை உள்ளே விடும் வாசல் நஞ்சையும் உள்ளே விடும். மகனின் சேர்மம் எம்பிடிபி போன்றது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று அவராலும் இன்றைக்குச் சொல்ல முடியாது.

இனி, அவர் என்னதான் செய்கிறார் என்பதைப் பார்ப்போம். அது உண்மையிலேயே அழகான வேலை. அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் முப்பரிமாண வடிவத்தை 1991-இல் ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் ஆகியோரின் குழு வெளியிட்டது. ஒரு வகை மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதி அது. அதன் வினை நடக்கும் இடம் மேற்பரப்பில் இல்லை. ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஆழமுள்ள ஒரு குறுகிய கிணற்றின் அடியில் இருக்கிறது. கிணற்றின் சுவர் நெடுக, பென்சீன் போன்ற தட்டையான அரோமாட்டிக் வளையங்கள். அடியில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் ஒன்று, வாய்க்கு அருகில் இன்னொரு டிரிப்டோஃபான். ஜப்பானில் எய்சாய் நிறுவனத்தில் ஹச்சிரோ சுகிமோட்டோவின் குழு உருவாக்கிய டோனெபெசில், கிணற்றின் முழு நீளத்துக்கும் நிற்கிறது: பென்சைல் முனை அடியில், இண்டனோன் முனை வாயருகில், நடுவில் பைப்பெரிடின். வியப்பு என்னவென்றால், இந்தப் பொருத்தம் படமாகத் தெரிந்தது 1999-இல். மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996-இல். வடிவம் தெரிந்து செய்த மருந்து இல்லை இது, செய்து செய்து பார்த்து வந்தது.

இன்றைய மாணவர்களுக்கு அந்தப் படம் கையில் இருக்கிறது. கணினியில் டாக்கிங் செய்து, தாங்கள் வரைந்த மூலக்கூறு கிணற்றில் எப்படி உட்காருகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு கலப்பினம் செய்கிறார்கள்: ஒரு முனையில் நொதியைத் தடுக்கும் துண்டு, மறுமுனையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் துண்டு, நடுவில் ஒரு கார்பன் சங்கிலி. கூமரின், சால்கோன், டாக்ரின் இவை அடிக்கடி வரும் துண்டுகள். டாக்ரினைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கும். 1993-இல் அமெரிக்காவில் அல்சைமருக்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது. சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்தன. கடைசியில் சந்தையை விட்டே போனது. இருந்தும், செய்ய எளிது, நொதியை நன்றாகத் தடுக்கிறது என்பதற்காக இன்றும் எத்தனையோ கலப்பினங்களில் அதை வைத்துக் கட்டுகிறார்கள். கட்டுரை வெளியிட அது உதவும். மருந்தாக வரவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அந்தத் துண்டைத் தொடவேண்டாம் என்பதே என் கருத்து.

தயாரிப்பு என்பது வாரக்கணக்கில் பொறுமை கேட்கும் காரியம். வினையை ஓடவிட்டு, வினை எவ்வளவு முடிந்தது என்று மணிக்கொரு தரம் டிஎல்சி என்ற மெல்லிய பூச்சுத் தகட்டில் புள்ளி பார்த்து, சிலிக்கா ஜெல் குழாயில் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கினால் சில பத்து மில்லிகிராம் கிடைக்கும். அது நினைத்த பொருள்தானா என்று என்எம்ஆர் என்ற நிறமாலைக் கருவி சொல்லும். நம் ஊர் ஈரப்பதத்தில் நீர் படக்கூடாத வினைகள் கெட்டுப்போவதும் அன்றாடம் நடப்பதுதான். உங்கள் மகன் இரவு தாமதமாக வீட்டுக்கு வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் இந்த நெடும்பயணத்தில் மூலக்கூறைச் செய்வதுதான் எளிய பகுதி.

கடினம் இனிமேல்தான். மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று தைத்ததுபோல் நிற்கின்றன. பெரும்பாலான சேர்மங்களை அவை உள்ளே விடுவதில்லை. மூலக்கூறின் எடை ஏறத்தாழ 450 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருக்கவேண்டும், முனைவுப் பரப்பு, அதாவது நீரை ஈர்க்கும் பகுதியின் பரப்பு, 90 சதுர ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கவேண்டும், ஹைட்ரஜன் பிணைப்புக் கொடுக்கும் குழுக்கள் மிகச் சிலவே இருக்கவேண்டும் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு. டோனெபெசிலின் எடை 379. இரண்டு துண்டுகளைச் சங்கிலியால் கோக்கும் கலப்பினங்கள் பலவும் 500-ஐத் தாண்டிவிடும். கொழுப்பில் கரைய வேண்டும் என்று சங்கிலியை நீட்டினால் நீரில் கரையாது, கல்லீரலும் எளிதில் சிதைத்துவிடும். இவற்றையெல்லாம் தாண்டி உள்ளே போனதையும், பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப் பிடித்து வெளியே தள்ளும். மகனின் சேர்மம் மூளைக்குள் போகிறதா என்று யாராவது அளந்தார்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. கணினி போகும் என்று சொன்னால் அது அளவை ஆகாது.

அடுத்தது, காக்கிறது என்ற அந்தச் சோதனை. பெரும்பாலும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற செல்களில்தான் செய்வார்கள். அவை நரம்பணு மாதிரி நடந்துகொள்ளும், ஆனால் 1970-இல் ஒரு சிறுமியின் உடலிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்களின் வழிவந்தவை. தட்டில் அவற்றை வளர்த்து, முதலில் புதிய சேர்மத்தைச் சேர்த்து, சில மணி நேரம் கழித்து ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவார்கள். மறுநாள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைப் போட்டால் உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அதிகமோ அவ்வளவு செல்கள் பிழைத்தன என்று கணக்கு. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பல சேர்மங்கள் செல்லே இல்லாத வெறும் தட்டிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அந்த வெறும் தட்டையும் வைத்துப் பார்க்காவிட்டால், செத்த செல்லை உயிரோடிருப்பதாக எழுதிவிடுவோம். மற்றது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது: அடி விழுவதற்கு முன்பே காவல் வந்து நின்றுவிடுகிறது. நோயாளிக்கு அப்படி நடப்பதில்லை. அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிவது மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. உங்கள் மாமியார் மருத்துவரிடம் போன அன்றைக்கே போன செல்கள் போய்விட்டன. போனதை எந்தச் சேர்மமும் திருப்பித் தராது. மிச்சத்தைத்தான் காக்க முடியும். அதைத் தட்டில் யாரும் சோதிப்பதில்லை.

தட்டிலிருந்து எலிக்கும் எலியிலிருந்து மனிதருக்கும் போகும்போது என்ன ஆகிறது என்பதைப் பக்கவாத ஆய்வு நன்றாகக் காட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் பக்கவாதத்துக்கு முயன்ற சிகிச்சைகளை 2006-இல் ஒரு குழு எண்ணியபோது 1,026 வந்தது. மனிதரிடம் சோதித்தது அவற்றில் 114 மட்டுமே. விலங்குகளில் சிறப்பாக வேலை செய்த என்எக்ஸ்ஒய்-059 என்ற சேர்மம், முதல் பெரிய மனிதச் சோதனையிலும் நம்பிக்கை தந்தது. 3,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய இரண்டாவது சோதனையில், 2007-இல், பயன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. பார்கின்சனிலும் இதே கதை உண்டு. மாவோ-பியைத் தடுக்கும் செலெஜிலின், குரங்குகளை எம்பிடிபியிலிருந்து காப்பாற்றியது. நோய் தொடங்கிய 800 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்தபோது, அவர்களுக்குப் பார்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபா தேவைப்படும் நாள் சில மாதங்கள் தள்ளிப்போனது. நரம்பணுக்கள் காக்கப்பட்டன என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு பார்த்தால், அந்த மருந்தே அறிகுறிகளைக் கொஞ்சம் குறைக்கிறது. தள்ளிப்போனது செல்கள் பிழைத்ததாலா, அறிகுறி மறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டோனெபெசிலும் அறிகுறிக்கு மருந்துதான். நரம்பணு இழப்பை அது நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உங்கள் மாமியார் தேய்வது மாத்திரை சரியில்லாததால் அல்ல.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்துக்கடைக்கு வரப் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். அதுவும் வந்துசேரும் சேர்மங்களுக்கு. 2002 முதல் 2012 வரை அல்சைமருக்காக மனிதரிடம் சோதித்த 244 சேர்மங்களில் அனுமதி பெற்றது ஒன்றுதான், மெமன்டின். மனிதச் சோதனை வரைக்கும் வந்த சேர்மங்களுக்கே இந்தக் கதி. மகனுடையது அங்கே வர இன்னும் நெடுந்தூரம். டோனெபெசில் சில நானோமோலார் அளவிலேயே நொதியைத் தடுக்கும். மாணவர்களின் சேர்மங்களுக்கு வழக்கமாக மைக்ரோமோலார் தேவைப்படும், அதாவது ஆயிரம் மடங்கு. எனவே அவர் செய்த அந்தக் குறிப்பிட்ட மூலக்கூறு உங்கள் மாமியாருக்கு உதவாது. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ஏன் செய்கிறோம்? சில வழிகள் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. 1883-இல் ஜெர்மனியில் லுட்விக் நோர் செய்த ஒரு சிறிய மூலக்கூறு, எடை 174 தான், நூறாண்டுக்குப் பின் எடராவோன் என்ற பெயரில் 2001-இல் ஜப்பானில் பக்கவாதத்துக்கும், பிறகு, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கும் மருந்தாகியது. ஏஎல்எஸ்-இல் அதன் பயன் சிலருக்கு மட்டும், அதுவும் சிறிதளவு. அல்சைமருக்கான லெகனெமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தபோது சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது. மூளை வீக்கம், சிறு இரத்தக்கசிவு போன்ற ஆபத்துகளோடு, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்கள் உணர்வார்களா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

நம் ஊரிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. செம்பனை எண்ணெயில் உள்ள வைட்டமின் ஈ வகையான டோகோட்ரையினாலை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், அதாவது யுஎஸ்எம், 121 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். 200 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மூளை வெண்பகுதியின் புண்கள் பெரிதாயின, டோகோட்ரையினால் சாப்பிட்டவர்களுக்கு அப்படியே நின்றன. மதிக்கவேண்டிய வேலை. ஆனால் அவர்கள் அல்சைமர் நோயாளிகள் அல்ல, பார்த்தது எம்ஆர்ஐ படத்தை. இதைக் காட்டி மறதி போகும் என்று வாட்சப்பில் மாத்திரை விற்பவர்களை நம்பவேண்டாம். வல்லாரையையும் மஞ்சளையும் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். உணவாகச் சாப்பிடட்டும், ருசிக்கு. மஞ்சளிலுள்ள குர்குமின், உடலில் உள்ளதுபோல் சற்றே காரமான கரைசலில் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் சிதைந்துபோகும், குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதும் மிகச் சொற்பம்.

மகனுக்குச் சொல்லவேண்டியவை சில. செல் இல்லாத தட்டில் எம்டிடி வைத்துப் பாருங்கள். பெராக்சைடு ஊற்றி இரண்டு மணி நேரம் கழித்துச் சேர்மத்தைச் சேர்த்தால் என்ன வருகிறது என்று ஒரு தரமாவது பாருங்கள். வராவிட்டால் அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு அது பெரிய உதவி. மூளைத் தடையைக் கடப்பதை அளக்க, பன்றி மூளைக் கொழுப்பு பூசிய செயற்கைச் சவ்வில் செய்யும் பாம்பா சோதனை இருக்கிறது. மிகச் சிறிதளவு பொருள் போதும். இவற்றில் தேறினால் அவர் கையில் உள்ளது ஒரு நல்ல தொடக்கம். மனிதரிடம் கொண்டுபோக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் அனுமதியும் வேண்டும். அதற்கு முன் ஒரு குப்பி கூட ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பாட்டிக்காகக் கேட்டால் மறுப்பது அவருக்குக் கஷ்டம். அந்த நிலையில் அவரை வைக்காதீர்கள்.

மாமியாருக்கு இப்போது செய்யக்கூடியது உண்டு. மறதியைக் கூட்டும், ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில இருக்கின்றன: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை. தூக்கத்துக்கோ அரிப்புக்கோ சளிக்கோ வாங்கும் சில பழைய மாத்திரைகள் அசெட்டைல்கோலினுக்கு எதிராகவே வேலை செய்து டோனெபெசிலின் பயனைக் குறைத்துவிடும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்கியது, சீன மருந்து, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் முன் வையுங்கள். நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.